நாலு ஏபி கண்ட்ரோலரில் சேரவில்லை, ஊழியர் லாகினும் என் போனில் மட்டும்தான் வருகிறது

வளவுக்காரன் | வெள்ளி, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை விடுதியாக நடத்துகிறார்கள். அங்கே முன்பதிவு, கணக்கு, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில்தான். நெட்வொர்க் படித்தவன் இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரியும், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சுவர் இருக்கிற கனத்துக்கு ஒரு அறையில் வருகிற சிக்னல் அடுத்த அறையில் கிடையாது. அதனால் மொத்தம் 11 ஏபி (வைஃபை பரப்புகிற ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி). எல்லாவற்றையும் நிர்வகிக்க ஒரே கண்ட்ரோலர். பழைய வரிசை, முன்பு இருந்தவர் செகண்ட்ஹேண்டில் வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். முகப்பில் ஒரு சுவிட்ச், அதில் 7 ஏபி. இரண்டாம் கட்டில் இன்னொரு சுவிட்ச், அதில் 4.

இதுவரை ஊழியர்களுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். அது இப்போது பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் தெரியும், வேலையை விட்டுப் போனவர்கள் போனிலும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு என்று மாற்றச் சொல்லிவிட்டார் முதலாளி. சரி என்று போன வாரம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, ஆளுடைய யூசர்நேம், பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற ரேடியஸ் சர்வரான ஃப்ரீரேடியஸ் நிறுவினேன். கண்ட்ரோலரில் அதன் ஐபி, ரகசியச் சொல் கொடுத்து, ஊழியர் வைஃபையை டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் ஆக்கினேன். என் போனில் லாகின் முறைக்கு டிடிஎல்எஸ் (TTLS), பேப் (PAP) என்று தேர்ந்தெடுத்தால் உடனே வருகிறது. மற்ற எல்லோருக்கும் போன் தானாகவே பீப் (PEAP) என்கிற வேறு முறையை எடுத்துக்கொள்கிறது, பாஸ்வேர்டு தப்பு என்று சொல்கிறது. நான்தான் தட்டிக் கொடுத்தேன், தப்பே இல்லை.

இது ஒரு பக்கம். நேற்று வியாழக்கிழமை மதியம் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. இரண்டாம் கட்டு யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. கரண்ட் வந்த பிறகு அந்தப் பக்கத்து 4 ஏபியும் கண்ட்ரோலரில் சேரவே இல்லை. விளக்கு மாறி மாறி மின்னுகிறது. ஐபி வாங்கியிருக்கிறது, பிங் போகிறது. முகப்புப் பக்கத்து 7 நன்றாக ஓடுகிறது. ரேடியஸ் போட்டதால் ஏபி எல்லாம் கோபித்துக்கொண்டதா? அந்த 7-ஐயும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிறு வளவில் அறுபதாம் கல்யாணம், 200 பேர் வருகிறார்கள், பில் எல்லாம் டேப்லெட்டில்.

ரஸ்தாக்காரன் | வெள்ளி, இரவு 11:05

ஏபிக்குக் கண்ட்ரோலர் எங்கே என்று தெரியவில்லை போலிருக்கிறது. ஐபி கொடுக்கிற டிஎச்சிபியில், கண்ட்ரோலர் முகவரியைச் சொல்கிற ஆப்ஷன் 43 இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஃபயர்வால் இருந்தால், ஏபியும் கண்ட்ரோலரும் பேசுகிற யுடிபி போர்ட் 5246, 5247 இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

கம்பிச்சுருள் | வெள்ளி, இரவு 11:32

தம்பி, முதலில் ஒன்று: அந்த 7-ஐ தொடாதீர்கள். கண்ட்ரோலரையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். காரணம் கீழே சொல்கிறேன், ஆனால் அதற்குள் கை போய்விடக்கூடாது என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன்.

ரஸ்தா அண்ணன் சொன்னது பொதுவாகச் சரிதான். ஆனால் 11 ஏபியும் கண்ட்ரோலரும் ஒரே விஎல்ஏனில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் ஆப்ஷன் 43 இல்லாமலே கண்டுபிடித்துக்கொள்ளும். நேற்று மதியம் வரை அதே கேபிளில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. வழி தெரியாமல் நிற்கவில்லை அது. வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே விடத்தான் மாட்டேன் என்கிறார்கள்.

இங்கே பூட்டு இரண்டு. போனோ லேப்டாப்போ வைஃபைக்குள் வரும்போது கேட்கிற யூசர்நேம், பாஸ்வேர்டு ஒன்று. அதற்கு முன்பே, ஏபி கண்ட்ரோலரிடம் வந்து 'நான் உன் ஏபிதான்' என்று நிரூபிக்கிற வேலை இன்னொன்று. ஏபிக்குள் தொழிற்சாலையிலேயே ஒரு சான்றிதழ் பதித்திருப்பார்கள், எம்ஐசி என்று பெயர். அதைக் காட்டித்தான் கண்ட்ரோலரோடு டிடிஎல்எஸ் (DTLS) என்கிற பாதுகாப்பான இணைப்பே போடும், உங்கள் போனில் தேர்ந்தெடுத்த TTLS வேறு. கண்ட்ரோலரும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும், ஏபி அதைச் சரிபார்க்கும். சில இடத்தில் சான்றிதழ் மட்டும் போதாது என்று, எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) உள்ள ஏபியைச் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியலும் வைத்திருப்பார்கள்.

நீங்கள் ரேடியஸ் போட்ட அன்று செக்யூரிட்டி மெனுவில், யாரை உள்ளே விடுவது என்று பார்க்கிற ஏஏஏ-வுக்குக் கீழே ஏபி பாலிசிஸ் என்று ஒரு பக்கம் இருந்திருக்கும். அதில் 'ஆத்தரைஸ் எம்ஐசி ஏபிஸ் அகெயின்ஸ்ட் ஆத்-லிஸ்ட் ஆர் ஏஏஏ' என்கிற கட்டத்தில் டிக் போட்டீர்களா? ஏஏஏ என்று பார்த்ததும் நம்ம ரேடியஸ்தானே என்று போட்டிருப்பீர்கள் என்பது என் யூகம். முன்பு ஒரு மில்லில் நானே போட்டிருக்கிறேன்.

அந்த டிக் போட்டால் சேர வருகிற ஒவ்வொரு ஏபியையும் கண்ட்ரோலர் பட்டியலில் தேடும், இல்லையென்றால் ரேடியஸிடம் கேட்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் வெளியே. ஆனால் இந்தச் சோதனை சேரும்போது மட்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பதை எழுப்பி அடையாள அட்டை கேட்காது. உங்கள் முகப்பு 7-ம் யுபிஎஸ் புண்ணியத்தில் அணையவே இல்லை, பழைய இணைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தீர்கள் என்றால் அவையும் வாசலில் வந்து நிற்கும், ஞாயிற்றுக்கிழமை 11-ம் போய்விடும்.

மானிட்டர் மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதில் ஏபி ஜாயின் பக்கம். கடைசியாக ஏன் சேரவில்லை என்று ஒவ்வொரு ஏபிக்கும் காரணம் எழுதியிருக்கும். அதை இங்கே போடுங்கள்.

வளவுக்காரன் | சனி, காலை 7:15

அண்ணே, டிக் போட்டது நான்தான். ஏஏஏ என்று இருந்ததால் போடாவிட்டால் ரேடியஸ் வேலை செய்யாது என்று நினைத்துவிட்டேன். ஜாயின் பக்கத்தில் மூன்றுக்கு 'ஆத்தரைசேஷன் ஃபெயிலியர்' மாதிரி இருக்கிறது. நாலாவது, பின்வாசல் பக்கம் ஆச்சி அறைக்கு வெளியே இருப்பது, அதற்கு வேறு மாதிரி, டிடிஎல்எஸ் (DTLS) என்று ஏதோ.

டிக்கை எடுத்துவிட்டால் முடிந்ததா? அல்லது பட்டியலில் சேர்க்க வேண்டுமா? இரவே கண்ட்ரோலர் பக்கத்தில் இருந்து மேக் முகவரி எடுத்து நாலையும் சேர்த்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை.

கம்பிச்சுருள் | சனி, காலை 7:50

எந்த மேக்கை எடுத்தீர்கள்? கண்ட்ரோலர் பல இடத்தில் காட்டுவது ரேடியோவின் அடிப்படை மேக். பட்டியலுக்கு வேண்டியது ஈதர்நெட் மேக், அதாவது கேபிள் பக்கத்து மேக். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைசி சில எழுத்தில்தான் வித்தியாசம், அதனால்தான் கண் ஏமாறும். ஏபியின் முதுகில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருப்பதைப் போடுங்கள், அல்லது சுவிட்சில் அந்த போர்ட்டில் என்ன மேக் தெரிகிறது என்று பாருங்கள். ஏணி போட வேண்டாம் என்றால் இரண்டாவது சுலபம்.

இப்போதைக்கு டிக்கை எடுத்தாலே மூன்றும் வந்துவிடும். கல்யாணம் முடிகிற வரை அப்படியே விடலாம். ஆனால் பிறகு 11-க்கும் ஈதர்நெட் மேக் எழுதி, ஒன்று விடாமல் சரிபார்த்து, திரும்பப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். சான்றிதழை மட்டும் பார்த்தால் அதே கம்பெனியின் எந்த ஏபியைக் கொண்டுவந்து செருகினாலும் சேர்ந்துவிடும். விடுதி என்பதால் யார் யாரோ தங்குகிறார்கள்.

பட்டியலைக் கண்ட்ரோலரிலேயே வையுங்கள். ரேடியஸிலும் வைக்கலாம், ஏபியின் மேக்தான் யூசர்நேம், அதுவே பாஸ்வேர்டு. ஆனால் அப்படிச் செய்தால் அதே பெயரைத் தட்டி ஒருத்தன் ஊழியர் வைஃபைக்குள் வந்துவிடக்கூடாது, அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். 11 ஏபிக்கு அந்த வேலை எதற்கு? கோடு, புள்ளி போட்டு எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்கிற தகராறு வேறு வரும்.

வளவுக்காரன் | சனி, காலை 9:20

மூன்று வந்துவிட்டது!! ஸ்டிக்கர் மேக்கை வைத்தே வந்தது, டிக்கை எடுக்கவில்லை. முகப்பு 7-க்கும் சுவிட்சில் பார்த்து எழுதிச் சேர்த்துவிட்டேன். முன்பு போட்டது ரேடியோ மேக்தான், நீங்கள் சொன்ன மாதிரி கடைசியில்தான் வித்தியாசம்.

நாலாவது மட்டும் அடம். இது மற்றதைவிடப் பழசு, பின்னால் 2013 என்று இருக்கிறது.

அரைப்படி | சனி, காலை 9:44

2013-ஆ, அப்போது சான்றிதழ் காலாவதி. கண்ட்ரோலரில் நேரத்தைத் தானாக ஒத்து வைக்கிற என்டிபியை நிறுத்திவிட்டு தேதியை 2020-க்குத் தள்ளுங்கள், ஓடி வரும். நான் இரண்டு இடத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

பாக்கெட்_பார்ப்பவள் | சனி, காலை 10:10

அரைப்படி, பிரச்சினை இல்லை என்பது நீங்கள் இன்னும் லாக்கைத் திறந்து பார்க்கவில்லை என்பதால்.

வெளியாட்கள் பயன்படுத்துகிற வைஃபையில் யார் எப்போது வந்தார் என்று ஒருநாள் போலீஸ் கேட்டால் 2020 என்று எழுதியிருக்கிற லாக்கைக் காட்டப் போகிறீர்களா? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டுப் போட்ட உத்தரவில் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதோடு, கடிகாரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு, அல்லது அவற்றின் வழி நேரம் எடுக்கிற சர்வரோடு ஒத்து வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கண்ட்ரோலரில் வேறு சான்றிதழ் புதிதாகப் போட்டால் அது 'இன்னும் தொடங்கவே இல்லை' என்று ஆகிவிடும், அதுவும் தனிக் கூத்து.

வளவுக்காரன், இந்த வரிசை ஏபிக்களில் எம்ஐசிக்குப் பொதுவாக 10 வருடம்தான் ஆயுள். தயாரித்த நாளில் இருந்து. வாங்கிய நாளில் இருந்து இல்லை. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். வியாழக்கிழமை வரை ஓடியதே என்று கேட்பீர்கள், அதுவும் அணையாமல் இருந்ததால்தான். கொஞ்சம் புதிய சாஃப்ட்வேர் பதிப்புகளில் காலாவதியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு: கான்ஃபிக் ஏபி செர்ட்-எக்ஸ்பைரி-இக்னோர் எம்ஐசி எனேபிள். இதை மெனுவில் தேடாதீர்கள், கன்சோலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது எப்போது தேவைப்படும் என்றால் கண்ட்ரோலரின் சொந்தச் சான்றிதழே காலாவதி ஆகியிருந்தால். அப்போது ஏபி கண்ட்ரோலரை நம்பாது, ஒருமுறை சேர்ந்து இந்த அமைப்பை வாங்கிக்கொள்ளும் வரை தள்ளி வைத்துவிட்டு உடனே திருப்பிவிட வேண்டும். உங்களுக்கு மூன்று சேர்ந்துவிட்டதால் கண்ட்ரோலர் சான்றிதழ் உயிரோடுதான் இருக்கிறது.

இனி உங்கள் முதல் பிரச்சினை. நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் இதே வேலைதான் பார்க்கிறேன், வருடா வருடம் ஜூன் மாதத்தில் இந்தக் கேள்வியை நூறு பேர் கேட்பார்கள்.

ஒரு போனில் டிடிஎல்எஸ்-பேப் வருகிறது, பீப்-எம்எஸ்சாப் (பீப்புக்குள் பாஸ்வேர்டைச் சரிபார்க்கிற முறை) வரவில்லை என்றால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம், பாஸ்வேர்டை எப்படிச் சேமித்தீர்கள் என்பது. பேப்பில் பாஸ்வேர்டு, போனுக்கும் சர்வருக்கும் நடுவில் போடுகிற டிஎல்எஸ் என்கிற ரகசியச் சுரங்கத்துக்குள் அப்படியே வரும், சர்வர் அதை எந்த வகையில் அரைத்து வைத்திருந்தாலும் தானும் அரைத்து ஒப்பிட்டுக்கொள்ளும். எம்எஸ்சாப்-வி2-இல் பாஸ்வேர்டு வரவே வராது, அதை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடைதான் வரும். சர்வரும் அதே கணக்கைப் போட வேண்டும் என்றால் அதனிடம் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக இருக்க வேண்டும், அல்லது விண்டோஸ் முறையில் அரைத்த என்டி ஹாஷாக இருக்க வேண்டும். எஸ்எச்ஏ, பிகிரிப்ட் மாதிரி எதில் வைத்திருந்தாலும் சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் தப்பு என்றுதான் பதில் வரும்.

ரேடியஸ் சேவையை நிறுத்திவிட்டு ஃப்ரீரேடியஸை -X (பெரிய எக்ஸ்) போட்டு கையால் ஓட்டுங்கள். ஒரு போனில் முயன்று பாருங்கள், வெளியே ஓடுகிற எழுத்தில் 'நோ என்டி-பாஸ்வேர்டு' என்று ஒரு வரி வருகிறதா என்று சொல்லுங்கள்.

வளவுக்காரன் | சனி, காலை 11:30

அக்கா, நீங்கள் சொன்ன வரி அப்படியே வருகிறது. பாஸ்வேர்டை வெறும் எழுத்தாக வைக்காதே என்று எங்கோ படித்துவிட்டு எஸ்எச்ஏவில் மாற்றி வைத்தேன், நல்லது செய்வதாக நினைத்து. இப்போது வெறும் எழுத்தாக மாற்றிவிடவா? ஊழியர் 18 பேர், அதில் ஐந்தாறு பேர் ஐபோன், மற்றவர்கள் ஆண்ட்ராய்டு, ரிசப்ஷனில் விண்டோஸ் இரண்டு.

அப்புறம் ஆண்ட்ராய்டில் சிஏ சான்றிதழ் என்று கேட்கிறது. சிலருக்கு 'சரிபார்க்க வேண்டாம்' என்று இருக்கிறது, சிலருக்கு அந்தத் தேர்வே இல்லை. டொமைன் என்று வேறு ஒரு கட்டம். என்ன போடுவது?

பாக்கெட்_பார்ப்பவள் | சனி, மதியம் 12:25

என்டி ஹாஷாக மாற்றுங்கள். அதுவும் பழைய எம்டி4 கணக்குதான், திருடு போனால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. எனவே அந்தக் கம்ப்யூட்டரைத்தான் பூட்டிவைக்க வேண்டும், கணக்கறையில் யாரும் படம் பார்க்கிற கம்ப்யூட்டராக அது இருக்கக்கூடாது. பாஸ்வேர்டை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மெயிலுக்கு வைத்திருப்பதையே இதற்கும் வைப்பார்கள்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நிறையப் பேர் சோம்பல்படுகிறார்கள், நான் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஆண்ட்ராய்டு 11-இல் 2020 கடைசியில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு 'சரிபார்க்க வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டார்கள், அதனால்தான் சில போனில் இல்லை. எடுத்தது நியாயம். சரிபார்க்காத போன், உங்கள் வைஃபை பெயரையே வைத்துத் திண்ணையில் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் அவனிடமும் போய்க் கதவைத் தட்டும். எம்எஸ்சாப்-வி2-வை உடைப்பது டெஸ் என்கிற பழைய பூட்டின் ஒரே ஒரு சாவியைத் தேடுகிற வேலைதான் என்று 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே செய்து காட்டிவிட்டார்கள். எனவே இந்த முறையில் பாதுகாப்பு என்று இருப்பது வெளியே சுற்றியிருக்கிற டிஎல்எஸ் சுரங்கம் மட்டும்தான், அந்தச் சுரங்கம் யாரோடு என்று போன் சரிபார்த்தால்தான் அதற்கும் அர்த்தம். உங்கள் போனில் டிடிஎல்எஸ்-பேப் போட்டபோது சரிபார்க்க வேண்டாம் என்று கொடுத்திருந்தால் இன்னும் மோசம், பேப்பில் பாஸ்வேர்டையே கொடுத்துவிடும். அதை முதலில் மாற்றுங்கள்.

செய்ய வேண்டியது: ஃப்ரீரேடியஸோடு வருகிற சான்றிதழ் சோதனைக்கு மட்டும்தான், அதை வைத்து ஓட்டாதீர்கள். சொந்தமாக ஒரு சிஏ (மற்ற சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடுகிற தாய்ச் சான்றிதழ்) உருவாக்கி, அதில் இருந்து சர்வருக்கு ஒன்று. சிஏவுக்கு 10 வருடம் கொடுங்கள். சர்வருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம், நீளமாக இருந்தால் ஆப்பிள் கருவிகள் முறைக்கும். சர்வர் சான்றிதழில் வைக்கிற பெயர் எதுவோ அதுதான் போனில் டொமைன் கட்டத்தில் போட வேண்டியது. அந்தப் பெயர் இணையத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிஏ கோப்பை 18 போனிலும் ஏற்றுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய் 'வைஃபை சான்றிதழ்' என்று ஏற்ற வேண்டும், கோப்பைத் தட்டினால் மட்டும் போகாது. ஐபோனில் முதல் முறை சான்றிதழைக் காட்டி நம்பவா என்று கேட்கும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்து நம்பச் சொல்லுங்கள்.

ஞாயிறு கல்யாணத்துக்கு முன் இதைத் தொடாதீர்கள். இன்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு உள்ள பழைய வைஃபையையே ஓடவிடுங்கள், அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். திங்கள் செவ்வாய் ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து செய்துவிடலாம்.

ரஸ்தாக்காரன் | சனி, மதியம் 1:15

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் கடை போனில் பார்த்தேன், சரிபார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

விருந்தினர் வைஃபை எப்படி வைத்திருக்கிறீர்கள்? லாகின் பக்கம் வரவில்லை என்று யாராவது சொல்கிறார்களா? பழைய கண்ட்ரோலர் என்றால், அந்த லாகின் பக்கத்தைக் காட்டுகிற வர்ச்சுவல் ஐபி 1.1.1.1 என்று இருக்க வாய்ப்பு உண்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். 2018 ஏப்ரல் 1-க்குப் பிறகு அது கிளவுட்ஃபிளேர் கம்பெனியின் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை ஐபியாக மாற்றிக் கொடுக்கிற சர்வர்). போனில் டிஎன்எஸ்ஸாக அதை வைத்திருக்கிற விருந்தினருக்கு எதுவுமே திறக்காது, வைஃபை மோசம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். 192.0.2.1 என்று மாற்றுங்கள், அந்த வரிசை உதாரணத்துக்காகவே ஒதுக்கியது, இணையத்தில் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.

ஊழியர் போனை மேக் முகவரி வைத்துக் கட்டிவிடலாமே, ரேடியஸ் எதற்கு என்று நான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-இல் இருந்து போன் தானாக ஒரு பொய் மேக்கைத்தான் காட்டுகிறது. மேக்கில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்று இருந்தால் அது கற்பனை மேக். வைஃபையை மறந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் சில போனில் மாறியும்விடும், அப்புறம் பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கம்பிச்சுருள் | சனி, மதியம் 1:40

வர்ச்சுவல் ஐபியை மாற்றினால் கண்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். அப்போது 11-ம் திரும்பச் சேர வேண்டும். பட்டியல் சரியா, காலாவதிக் கட்டளை போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான். அதுவும் ஞாயிறு பந்தி முடிந்த பிறகு. கான்ஃபிக்கைச் சேமித்தீர்களா? மேலே வலது மூலையில் சேவ். அதை அழுத்தாமல் கரண்ட் போனால் இவ்வளவும் வீண்.

இன்னும் ஒன்று, ரேடியஸ் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். அது அணைந்தால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள், திரும்ப லாகின் கேட்கிற இடைவெளியான செஷன் டைம்அவுட் 1800 வினாடி என்று இருந்தால் அரை மணி நேரம். அதற்குள் எல்லோரும் ஒவ்வொருவராக வெளியே விழுவார்கள். காரணம் புரியாமல் ஏபியைப் போய்த் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

திண்ணையில் ஏபி இருக்கிறதா? அதன் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் உள் நெட்வொர்க் கிடைத்துவிடும். ஏபியே சுவிட்சிடம் 802.1எக்ஸில் லாகின் செய்கிற மாதிரியும் வைக்கலாம், பெரிய கம்பெனிகளில் செய்கிறார்கள். உங்கள் அளவுக்கு வேண்டாம். ஏபிக்களுக்குத் தனி விஎல்ஏன், அதில் இருந்து பில் கம்ப்யூட்டருக்கு வழி கிடையாது, காலி போர்ட் எல்லாம் ஷட், அது போதும். ஏபியின் கன்சோல் யூசர்நேம், பாஸ்வேர்டு பெட்டியோடு வந்ததாகவே இருக்கும், கண்ட்ரோலரில் வயர்லெஸ் மெனுவில் எல்லா ஏபிக்கும் ஒரே இடத்தில் மாற்றலாம்.

அரைப்படி | சனி, மாலை 4:02

நான் வைத்த இரண்டு இடத்திலும் அந்தக் கட்டளையைப் போட்டுவிட்டு நேரத்தைச் சரியாக்கினேன். ஒன்றில் எல்லா ஏபியும் விழாமல் ஓடுகிறது, ஒன்றில் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு, கட்டளையே இல்லை என்கிறது. அதற்கு அப்டேட்தான் போலிருக்கிறது.

வளவுக்காரன் | திங்கள், இரவு 9:30

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு நாளும் பந்தியிலேயே போய்விட்டது. சனிக்கிழமை மாலை கட்டளை போட்டேன், ஆச்சி அறை ஏபி ஆறு நிமிடத்தில் சேர்ந்தது. அதற்கு முன் அதைக் கழற்றிப் புதிது மாட்டலாம் என்று ஏணியோடு போனேன், சுவரில் இன்னொரு ஓட்டை போட்டால் ஏணியோடு உன்னையும் இறக்கிவிடுவேன் என்றார் ஆச்சி. முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவராம், இப்போது யார் வந்து பூசுவார் என்று கேட்கிறார். ஆக அந்தக் கிழட்டு ஏபியேதான் இன்னும் ஓடுகிறது.

கல்யாணத்தன்று பில்லில் பிரச்சினை இல்லை. நேற்று இரவு 11 மணிக்கு வர்ச்சுவல் ஐபியைப் பார்த்தேன், 1.1.1.1 தான். மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன், கை நடுங்கியது, 11-ம் வந்துவிட்டது. முகப்பு 7-இல் ஒன்றின் மேக்கில் 8-க்குப் பதில் பி எழுதியிருந்தேன், அதை மட்டும் திருத்த வேண்டியிருந்தது.

இன்று ஒன்பது பேர் போனில் சிஏ ஏற்றிவிட்டேன், என் போனும் இப்போது சரிபார்க்கிறது. அடுப்படியில் ஒரு அக்கா வைத்திருக்கிற போனில் மட்டும் வைஃபை சான்றிதழ் என்கிற இடமே இல்லை, ஆண்ட்ராய்டு 8. அதில் எப்படி ஏற்றுவது?

பாக்கெட்_பார்ப்பவள் | திங்கள், இரவு 9:48

அதில் வைஃபை அட்வான்ஸ்டு அமைப்புக்குள் 'இன்ஸ்டால் சர்டிஃபிகேட்ஸ்' என்று இருக்கும், கோப்பை போனில் சேமித்துவிட்டு அங்கிருந்து எடுங்கள். திரைப்பூட்டு வைக்கச் சொல்லும், பின் நம்பரை அவரையே தட்டச் சொல்லுங்கள்.